கழற்றுமுன் படியெடுத்தல்: பழைய மோட்டார் காரின் மானிகள் வரலாற்றுச் சான்றாதல் பற்றி

கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி முதலாம் இராசராசன் (கி.பி. 985–1014) தன் ஆட்சியின் இறுதிக் காலத்தில் ஆணையிட்டான். கற்களைப் பெயர்க்குமுன் பழைய சுவர்களிலிருந்த கல்வெட்டுகள் புத்தகத்திற் படியெடுக்கப்பட்டன. அவன் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. கோயில் புதிதாயிற்று, அதன் பழைய கொடைகளும் உரிமைகளும் அழியாது நின்றன. புதுக்குவோன் கையாலேயே பழமை அழிந்துபோதலுங் கூடும் என்பதை அக்காலத்தோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இச்செய்தி இக்கட்டுரையாளரின் நினைவுக்கு வந்த இடம் கோயிலன்று. களனி ஆற்றுக்கு வடக்கே, ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டு நிறுவிய தொழுநோய் மருத்துவமனையால் பெயர்பெற்ற ஹெந்தளையில், ஒரு சிறு கராஜ். ஆங்கு மொரிஸ் மைனர் கார் ஒன்று புதுக்கப்பட்டுக் கொண்டிருந்தது. டிங்கர் வேலைக்கும் வர்ணம் பூசுதற்குமாக டாஷ்போட்டிலிருந்த மானிகள் கழற்றப்பட்டு, வயர்கள் வெட்டப்பட்டு, வேறொரு காரின் உறுப்புகளுடன் ஓர் அட்டைப்பெட்டியில் இடப்பட்டிருந்தன. பெட்டியில் வேகமானிகள் இரண்டு இருந்தன. ஒன்று துலக்கமானது; மற்றையது கண்ணாடி வெடித்து முகம் மங்கியது. அந்தக் காருக்குரியது எது என்று எவராலும் கூற இயலவில்லை. “நல்லதைப் போடுவம் தம்பி. சரிவராவிட்டால் பஞ்சிகாவத்தையில் வேறொன்று எடுக்கலாம்” என்றார் தலைமை மெக்கானிக். தொழில் நோக்கில் அவர் கூற்றிற் பிழை காண்பதற்கில்லை. ஆயின் வரலாற்று மாணவனுக்கு அது எளிதிற் கடந்துசெல்லக் கூடிய கூற்றன்று.

பழைய காரின் உறுப்புகளுள் மானிகளே அக்கார் வாழ்ந்த வாழ்வைப் பதிவு செய்தவை. ஆதலின் அவற்றைக் கழற்றுதல் தொழில்நுட்பச் செயலாக இருப்பதோடு ஆவணமொன்றைக் கையாளும் செயலாகவும் கொள்ளப்படல் வேண்டும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையிற் பழைய கார்கள் நிலைபெற்றமை

பிரித்தானியாவில் மொரிஸ் மைனர் முதன்முதலிற் காட்சிக்கு வைக்கப்பட்டது 1948ஆம் ஆண்டு ஒக்டோபரில். இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில். அலெக் இசிகொனிஸ் வடிவமைத்த அக்காரும், ஒஸ்டின் நிறுவனத்தின் ஏ 40, கேம்பிரிட்ஜ் வகைகளும், ஹில்மன் முதலியனவும் 1950களில் நம் நாட்டு மத்தியதர வகுப்பினரின் வாகனங்களாயின. வைத்தியர், சட்டத்தரணி, கல்லூரி அதிபர், கச்சேரி உத்தியோகத்தர் எனப் பலரும் அவற்றை வாங்கினர். இவர்களுள் கொழும்பிலே தொழில் புரிந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருந்த தமிழர் தொகை சிறிதன்று.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையிலான காலத்தில் அவ்விறுக்கம் மேலும் கடுமையாயிற்று. புதிய கார் வாரா நாட்டில் பழைய கார் சாகலாகாது. எனவே திருத்துவதும், ஒன்றன் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்துவதும், இல்லாததைக் கடைச்சற் பட்டறையிற் செய்து கொள்வதும் நம்மவர் கைவந்த கலையாயின. 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிந்திய கியூபாவின் அமெரிக்கக் கார்கள் உலகப் புகழ் பெற்றவை. அத்தகைய வரலாறு நமக்கும் உண்டு. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் யப்பானியக் கார்கள் பெருகியபோதும் பழைய ஆங்கிலேயக் கார்கள் மறைந்துவிடவில்லை. 1990களில் பிரித்தானியாவின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் மையத்துடன் கூட்டாக, அக்காருக்கான உடற்பகுதித் தகடுகள் இலங்கையிற் செய்து ஏற்றுமதி செய்யப்பட்டன. காரின் தாயகத்துக்கே உறுப்பு வழங்கும் நிலையை நம் கைவினை எய்தியிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறக்கப்பட்டதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே எனலாம்.

இதிலிருந்து பெறப்படுவது ஒன்றுண்டு. தகட்டை மீளச் செய்யலாம், எஞ்சினையும் மாற்றலாம். ஒரு மானி தன் முகத்திலும் எண்சக்கரங்களிலும் ஏற்றுக்கொண்ட காலத்தை எந்தப் பட்டறையும் மீளச் செய்தல் இயலாது.

முள்ளும் விளக்கும்

மானிகளின் வரலாறு காரின் வரலாற்றினும் மூத்தது. அமுக்கத்தை முள்ளாற் காட்டும் வளைகுழாய்க் கருவிக்கு யூஜின் பூர்டோன் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் 1849இல் உரிமம் பெற்றார். நீராவி எஞ்சினுக்காகத் தோன்றிய அக்கருவியே பின்னர் காரின் எண்ணெய் அமுக்கமானியாகவும் வெப்பநிலைமானியாகவும் வடிவெடுத்தது. வேகமானிக்கான உரிமத்தை ஒட்டோ ஷுல்ட்சே 1902இற் பெற்றார். கேபிளால் சுழற்றப்படும் காந்தம் ஒன்று, அதனைத் தொடாமல் அருகிலிருக்கும் அலுமினியக் கிண்ணத்தைத் தன் சுழற்சியின்பால் இழுக்கின்றது. மெல்லிய சுருள்வில் அவ்விழுப்பைத் தடுக்கின்றது. இரண்டும் சமப்படும் இடத்தில் முள் நிற்கின்றது. அதே கேபிள் பற்சில்லுகளின் வழியே தூரத்தை எண்ணும் சக்கரங்களையும் உருட்டுகின்றது. ஆங்கிலேயக் கார்களில் இக்கருவிகளைப் பெரும்பாலும் வழங்கியது சிமித்ஸ் நிறுவனம். 1851இல் இலண்டனிற் கடிகாரக் கடையாகத் தொடங்கியது அது. கடிகாரம் செய்த கைகளே காரின் மானியையும் செய்தன என்பதனை அவற்றின் முகங்களை நோக்குவோர் எளிதில் உணர்வர்.

மொரிஸ் மைனரின் டாஷ்போட் இவ்வகையிற் கருதத்தக்க ஒரு மாற்றத்தைக் காட்டுகின்றது. முற்பட்ட கார்களில் எண்ணெய் அமுக்கத்துக்கு முள் கொண்ட மானி தனியே இருந்தது. 1954ஆம் ஆண்டின் இறுதியில் டாஷ்போட் மாற்றியமைக்கப்பட்டு, நடுவே ஒரு பெரிய வட்ட வேகமானி இடம்பெற்றது. பெற்றோல் அளவு அதனுள்ளேயே காட்டப்பட்டது; எண்ணெய் அமுக்கத்துக்குரிய முள் நீங்கி எச்சரிக்கை விளக்கு வந்தது. வெப்பநிலைமானி வழங்கப்படவில்லை. நடுவில் அமைந்தமையால் ஒரே பலகை வலப்புறச் செலுத்தலுக்கும் இடப்புறச் செலுத்தலுக்கும் உதவிற்று. உற்பத்திச் செலவும் குறைந்தது.

இம்மாற்றத்தின் உட்பொருள் சிறிது ஆழமானது. முள் நிலையைச் சொல்கின்றது. விளக்கோ ஆபத்தை மட்டும் சொல்கின்றது. முள்ளை நோக்கும் சாரதி, அமுக்கம் மெல்ல மெல்ல வீழ்வதைக் கண்டு தானே முடிபு செய்கிறான். விளக்கை நோக்குபவனுக்கு முடிபை வேறொருவர் செய்து கொடுத்துவிட்டனர். இங்கிலாந்தின் தட்பவெப்பத்துக்கு வெப்பநிலைமானி வேண்டாததாயிருந்திருக்கலாம். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும் காருக்கு அது வேண்டும். ஆகவே பழைய கார்களின் டாஷ்போட்டின் கீழே, தொழிற்சாலையில் இடப்படாத துளைகளையும், பின்னர் பொருத்திய சிறு மானிகளையும் காணும்போது, அவற்றை ஒழுங்கீனமென்று கருதி அகற்றுதல் பொருந்தாது. வெளிநாட்டார் வரைந்த பொறியை இந்நாட்டு மலையும் வெயிலும் திருத்தி எழுதிய இடங்கள் அவை.

மண்ணெண்ணெய்க் காலம்

நம் சமூகத்தின் அண்மைக்கால வரலாற்றில் இக்கார்கள் வகித்த இடத்தை ஈண்டு குறிப்பிடாமலிருத்தல் இயலாது. 1957 முதல் வாகன இலக்கத் தகடுகளிற் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இடம்பெற்றதும், அதற்கெதிரான தமிழரசுக் கட்சியின் இயக்கமும், அதனைத் தொடர்ந்த 1958ஆம் ஆண்டுக் கலவரமும் யாவரும் அறிந்தவை. அதற்கு முற்பட்ட கார்கள் ஆங்கில எழுத்துத் தகடு தாங்கியவை. காரின் வெளிமுகத்தே வரலாறு எழுதப்பட்ட முறை இது.

உள்முகத்தே எழுதப்பட்டதோ பெரிதும் அறியப்படாதது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்லாது தடுக்கப்பட்டது. புதிய கார்கள் பல அசையாது நின்றன. மக்கள் வழக்கில் ‘ஏ போட்டி’ எனப்பட்ட ஒஸ்டின் ஏ 40 உள்ளிட்ட பழைய கார்களோ ஓடின. அவற்றின் எஞ்சின்கள் தாழ்ந்த அமுக்க விகிதம் உடையவை. சிறு போத்தலிலுள்ள பெற்றோலைக் கொண்டு தொடக்கி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி அவற்றைச் செலுத்தினர். நோயாளரும் மணமக்களும் அவற்றிலேயே சென்றனர்.

மானிகளின் நோக்கில் இக்காலத்தைச் சிந்தித்தல் பயனுடையது. போத்தலிலிருந்து எரிபொருள் எடுக்கும் காரில் தாங்கியின் அளவைக் காட்டும் முள்ளுக்குப் பொருளில்லை. மண்ணெண்ணெய் முழுதும் எரியாது கீழிறங்கி எஞ்சின் எண்ணெயுடன் கலப்பதால் எண்ணெய் நீர்த்துப்போகும், அமுக்கம் வீழும். ஆதலால் எண்ணெய் அமுக்கமானியின் முள்ளே சாரதியின் பெருங்கவலைக்கு உரியதாயிற்று என ஊகிக்கலாம். அக்காலத்து யாழ்ப்பாணக் கார் ஒன்று இன்று ஹெந்தளைப் பட்டறைக்கு வருமாயின், அதன் டாஷ்போட்டின் பின்னே காணப்படும் மேலதிகக் குழாய், கையாற் செய்த ஆளி, துண்டிக்கப்பட்ட பெற்றோல்மானி வயர் ஆகியவற்றைப் பழுது என்று தள்ளிவிடலாகாது. 97,000 அளவிலான நூல்களோடு யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ட சமூகம் நாம். 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டோர் உறுதிகளையும் புகைப்படங்களையும் கூட முழுதாக எடுத்துச் செல்லவில்லை. ஏட்டிலும் தாளிலும் உள்ள சான்றுகளை இவ்வளவுக்கு இழந்தோர், தகரத்திலும் பித்தளையிலும் எஞ்சியவற்றைப் படிக்கப் பழகுதல் கடனாகும்.

கழற்றும் முறை

இனி, சான்று கெடாமல் மானிகளைக் கழற்றும் முறையைச் சுருக்கமாக நோக்குவோம்.

முதலாவது, எதனையும் தொடுமுன் பலகையை முன்னும் பின்னுமாகப் புகைப்படம் எடுத்தலும், தூரமானியின் எண்ணைத் திகதியுடன் எழுதிவைத்தலும் வேண்டும். பின்னரே பற்றறியின் இணைப்பைக் கழற்றுதல் முறை. 1960களின் நடுப்பகுதி வரையிலான ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பற்றறியின் நேர்முனையே காரின் உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது என்பதையும், பின்வந்தோர் அதனை மாற்றியிருக்கக் கூடும் என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, வயர்கள் யாவற்றுக்கும் பெயர்ச்சீட்டுக் கட்டல் வேண்டும். பச்சை, வெள்ளை, கபிலம் என அவற்றுக்கு நிறமுறை உண்டெனினும், துணி சுற்றிய பழைய வயர்களில் எல்லா நிறங்களும் காலத்தால் ஒரே மண்ணிறமாகிவிடும். வெட்டப்பட்ட வயர், முற்றுப்புள்ளி அழிந்த வாக்கியம் போன்றது. எது எதனோடு சேர்ந்ததென்று பின்னர் வாதிக்கலாமேயன்றித் துணிதல் அரிது.

மூன்றாவது, மானிகளை முன்புறமாக நெம்பியெடுத்தல் ஆகாது. பெரும்பாலானவை பின்புறத்தில் வளைந்த தகட்டுப் பாலத்தாலும், கையாற் சுழற்றக்கூடிய சிறு நட்டுகளாலும் பிடிக்கப்பட்டவை. வேகமானிக் கேபிளின் நட்டையும் விரலாலேயே தளர்த்துதல் வேண்டும். எண்ணெய் அமுக்கமானியின் பின்னே செல்லும் மெல்லிய குழாயில் எஞ்சின் எண்ணெய் இருக்கும் என்பதால் கீழே துணி விரித்துக்கொள்ளல் நன்று. வெப்பநிலைமானியின் நுண்குழாயை ஒருபோதும் வெட்டலாகாது. அதன் முனைக் குமிழில் ஈதர் அடைக்கப்பட்டிருக்கும். வெட்டிய கணமே அது ஆவியாகி மானி உயிரிழக்கும். குமிழ், குழாய், மானி மூன்றையும் ஒரே உறுப்பாகவே வெளியே எடுத்தல் வேண்டும்.

நான்காவது, முகத்தைச் சுரண்டித் துப்புரவு செய்தல் தவிர்க்கத்தக்கது. முற்பட்ட காலத்து மானிகள் சிலவற்றின் எழுத்துகளும் முட்களும் இருளில் ஒளிரும்பொருட்டு ரேடியம் கலந்த வர்ணம் பூசப்பெற்றவை. ஒளி அவிந்தாலும் ரேடியம் அவியாது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். அத்தகைய வர்ணத்தைத் தூரிகை முனையை வாயால் ஈரமாக்கிப் பூசிய அமெரிக்கத் தொழிற்பெண்கள் 1920களில் நோயுற்று மாண்ட வரலாறு தொழிலாளர் வரலாற்றின் துயர் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. மங்கிய மஞ்சளாகவோ கபிலமாகவோ தோன்றும் வர்ணம் இருப்பின் கண்ணாடியைத் திறவாது விடுதலே அறிவுடைமை.

எஞ்சியது, கழற்றிய ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையிலிட்டுக் காரின் இலக்கத்தை அதன்மேல் எழுதிவைத்தல். திருமழபாடியிற் படியெடுத்தோர் செய்ததும் சாரத்தில் இதுவே.

புதுக்குதலும் பொய்த்தலும்

இதற்கு எதிர்வாதம் உண்டு. கார் ஓடுதற்கே உரியது. அது காட்சிச்சாலைப் பொருளன்று. பிழையான வேகம் காட்டும் மானி உயிருக்கே ஊறு விளைக்கும். மைலிற் காட்டும் மானி, வேக எல்லைகள் கிலோமீற்றரில் எழுதப்பட்ட வீதியில் இடர்ப்பாடு தரும். இவையெல்லாம் மெய்யே. பழுதான சுருள்வில்லை மாற்றுவதையோ, தேய்ந்த பற்சில்லைப் புதிதாக இடுவதையோ இக்கட்டுரை மறுக்கவில்லை.

மறுக்கப்படுவது வேறு. தூரமானியைப் பூச்சியத்துக்குத் திருப்புதலும், முகத்தைக் கடைப்புத்தகப் படத்தைப் பார்த்துப் புதிதாகத் தீட்டி, வேறொரு காரின் மானியை இதனுடையதென்று காட்டுதலும் புதுக்குதலாகா, அவை பொய்த்தலாகும். பழஞ்சுவடிகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் காலத்திலிருந்து நம்மிடையே நிலவிவரும் பதிப்பு நெறி இங்கும் பொருந்தும். சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்று காட்டலாம். ஊகத்தை ஊகமென்று குறிக்கலாம். ஊகித்ததை மூலமென்று அச்சிடலாகாது. மானியின் உள்ளுறுப்பை மாற்றுவோர், நீக்கியதையும் நீக்கிய நாளிற் காட்டிய எண்ணையும் காரின் பத்திரங்களோடு சேர்த்து வைப்பாராயின் ஓட்டமும் வரலாறும் ஒருங்கே காக்கப்படும்.

பெட்டியில் இருந்த இரு வேகமானிகள்

இனி ஹெந்தளைக் கராஜுக்கு மீள்வோம். எது மெய்யான மானி என்ற வினாவுக்கு விடை அம்மானிகளிலேயே இருந்தது. சிமித்ஸ் வேகமானியின் முகத்தின் அடிப்பகுதியிற் சிறிய எண்ணொன்று காணப்படும். ஒரு மைல் தூரத்துக்குக் கேபிள் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதை அது குறிக்கும். காரின் பின்னச்சு, சில்லு ஆகியவற்றுக்கேற்ப அவ்வெண் வேறுபடும். பெட்டியிலிருந்த இரண்டிலும் வெவ்வேறு எண்கள் இருந்தன.

இதனைச் சோதித்தற்கு எளிய வழியுண்டு. கேபிளின் உள்வடத்தை மானிப்புறத்தே விடுவித்து அதன் நுனியிற் சிறு காகிதக் கொடி ஒட்டி, பின்சில்லு ஆறு முறை உருளும்வரை காரை நேராகத் தள்ளி, கொடி எத்தனை முறை சுழன்றதென எண்ணவேண்டும். அத்தொகையை 1,680ஆற் பெருக்கி, நிலத்திலிருந்து பின்சில்லின் மையம் வரையிலான அங்குல அளவால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, கொடி 8 முறை சுழன்று மையத்தின் உயரம் 12 அங்குலமாயின், விடை 1,120. முகத்திலுள்ள எண் இதனோடு நெருங்கினால் மானி அக்காருக்குப் பொருந்துவது. 1,680 என்னும் எண் மாயமன்று; ஒரு மைலிலுள்ள 63,360 அங்குலத்தை, ஆறு சுற்றுகளின் வட்டப் பெருக்கால் வகுக்கக் கிடைப்பது.

நால்வர் கூடிக் காரைத் தள்ளினோம். தலைமை மெக்கானிக்கே குனிந்து எண்ணினார். ஐயம் தீர இருமுறை எண்ணினார். விடை, வெடித்த கண்ணாடியுடைய மங்கிய மானியின் எண்ணோடு நெருங்கி நின்றது. குப்பைக்குப் போகவிருந்தது அதுவே. இது முடிந்த முடிபன்று. பின்னச்சு ஒருகால் மாற்றப்பட்டிருப்பின் கணக்குப் பொய்க்கலாம். ஆயினும் துலக்கமே மெய்ம்மைக்கு அடையாளம் என்ற எண்ணம் அக்கராஜில் அன்று கைவிடப்பட்டது. பெட்டியிலிருந்த வயர்த்துண்டுகளைப் பொறுக்கி எடுத்து ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டும் வேலை அன்று மாலையே தொடங்கிற்று.

வரலாற்றுச் சான்று கல்லிலும் செப்பேட்டிலும் மட்டும் இருப்பதாகக் கருதும் மனப்பாங்கு நம் கல்விக்கூடங்களில் இன்றும் முற்றாக நீங்கிற்றில்லை. நம் தந்தையர் காலத்துப் பொருள்கள் நம் கண்முன்னேயே பிரிக்கப்பட்டும் வெட்டப்பட்டும் அட்டைப்பெட்டிகளில் இடப்பட்டும் வருகின்றன. அவற்றைக் காத்தற்கு அரசாணை வேண்டுவதில்லை. ஒரு பென்சிலும் சில சீட்டுத் துண்டுகளும், கழற்றுமுன் எழுதிவைக்கும் பழக்கமுமே வேண்டுவன. சோழர் காலத்துக் கற்றச்சர் அறிந்திருந்த அந்நெறியை ஹெந்தளையின் கைவினைஞரும், அவரிடம் தம் காரை ஒப்படைக்கும் கற்றோரும் கைக்கொள்வார்களாயின், நாளை இவ்வரலாற்றை எழுதப் புகுவோர் ஊகத்தை மட்டும் நம்பியிருக்க நேராது.